கேஸ்கட்டுக்கு நாலு நாள்

எங்கள் படகு எஞ்சின் மெக்கானிக் சங்கத்து ஆண்டு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். தலைப்பையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். ஹெட் கேஸ்கட் லீக்குக்கு ரேடியேட்டரில் ஊற்றுகிற பாட்டில் மருந்து நல்லதா, கெட்டதா? கெட்டது. கட்டுரை முடிந்தது. ஆனால் ஒரு வார்த்தைக்கு யாரும் நாலு பக்கம் ஒதுக்க மாட்டார்கள் என்பதால் மீதியையும் எழுதுகிறேன்.

எரிச்சலுக்குக் காரணம் இந்த வீடியோக்கள். நான் ஸ்பானரைக் கீழே வைத்து ஆறு வருஷம் ஆகிறது. முட்டி இரண்டும் போய்விட்டது. இன்னமும் வாரத்துக்கு ஒரு மெக்கானிக் எனக்கு வீடியோ அனுப்புகிறான். அதில் ஒரு வெள்ளைக்காரன் சிரித்துக்கொண்டே கார் பானட்டைத் திறக்கிறான், பாட்டிலை ஊற்றுகிறான், புகை நிற்கிறது. அடியில் ஒரு கேள்வி: 'இன்னா மேஸ்திரி, இது ஓகேவா?' அந்த வெள்ளைக்காரன் காருக்குள் பழவேற்காடு ஏரித் தண்ணீர் இல்லை. அதை ஒருத்தனும் பார்ப்பதில்லை.

மலரைப் படகுக்காரர்களும் புரட்டுவார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். எஞ்சினில் கீழே பிளாக், மேலே ஹெட். இரண்டுக்கும் நடுவில் ஒரு தகடு. அதுதான் கேஸ்கட். உள்ளே வெடிக்கிற நெருப்பு, சுற்றி ஓடுகிற தண்ணீர், ஆயில் மூன்றையும் ஒன்றோடு ஒன்று சேரவிடாமல் பிரித்து வைப்பது அந்தத் தகடு. அது ஒரு இடத்தில் எரிந்துவிட்டால் நெருப்புக் காற்று தண்ணீருக்குள் புகும். ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓட்டினால் கொப்புளம் கொப்புளமாக வரும். தண்ணீர் குறைந்துகொண்டே போகும். சில நேரம் தண்ணீர் ஆயிலில் இறங்கி, ஆயில் கம்பியை உருவிப் பார்த்தால் பால் ஊற்றிய டீ மாதிரி இருக்கும். இதற்கு ஒரே வைத்தியம்தான். ஹெட்டைக் கழற்ற வேண்டும், புது கேஸ்கட் போட வேண்டும்.

நான் தொழில் பழகியது காசிமேட்டில். ஏழு வருஷம். அடி வாங்கினேன், கற்றுக்கொண்டேன், அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை. பிறகு ஊர் பழவேற்காட்டுக்குத் திரும்பி வந்து, டச்சுக்காரன் கல்லறைக்குப் போகிற வழியில் இருந்த ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். கல்லறைக்கு வழி கேட்டு வருகிற டூரிஸ்டுகளுக்குக் கைகாட்டியே எனக்குப் பாதி நாள் போகும். அங்கே போர்மேன் காசிம் பாய்.

காசிம் பாய் வெள்ளை லுங்கி கட்டிக்கொண்டு டீசல் எஞ்சின் வேலை பார்ப்பார். சாயங்காலம் வரை அந்த லுங்கியில் ஒரு சொட்டுக் கறை இருக்காது. எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சத்தம் போட மாட்டார். படகுக்காரன் வந்து எஞ்சினில் கோளாறு என்று சொன்னால் நான் உடனே மூடியைத் திறக்கப் போவேன். அவர் எஞ்சின் பக்கமே திரும்ப மாட்டார். அவனிடம், "எப்போ வேணும்?" என்று கேட்பார். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நோய் என்ன என்று பார்க்காமல் எப்போது வேண்டும் என்று கேட்பது என்ன வேலை? கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் கேட்கிற கேள்வி அது என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொள்வார்.

ஆனால் ஹெட் இறக்குவதில் அவர் மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததில்லை. போல்ட்டுகளை ஓரத்திலிருந்து உள்ளே வந்து கழற்ற வேண்டும், ஒரேயடியாக அல்ல, கொஞ்சம் கொஞ்சமாக. ஹெட்டைத் தூக்கியதும் முகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அதன்மேல் இரும்புப் பட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். பட்டைக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால் ஹெட் வளைந்திருக்கிறது. அப்படியே பொன்னேரி லேத்துக்கு அனுப்ப வேண்டும், முகம் சீவி வர. அங்கே இரண்டு நாள் வரிசை. கேஸ்கட் வாங்க ஆள் மெட்ராஸ் போக வேண்டும். பூட்டும்போது நடு போல்ட்டிலிருந்து வெளியே போக வேண்டும். மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் எவ்வளவு இறுக்க வேண்டும் என்று டார்க் ஸ்பானரில் அளவு உண்டு. ஒரு சுற்று முடிந்ததும் காசிம் பாய் ஸ்பானரைத் துடைத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். தகடு உட்கார நேரம் வேண்டும் என்பார். ஒரு சுற்று, ஒரு டீ. அடுத்து எஞ்சினை ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி ஒரு சுற்று. இத்தனையும் சேர்த்து நாலு நாள். குறைத்தால் வேலை நிற்காது.

இந்த நாலு நாளுக்கு எதிராகத்தான் பாட்டில் வந்தது.

முதலில் அது எங்கள் பக்கம் வரவில்லை. அனுப்பம்பட்டில் ஒரு விவசாயி தன் பம்புசெட் எஞ்சினில் ஊற்றினார். பொய் சொல்லக் கூடாது, லீக் நின்றது. நானே போய்ப் பார்த்தேன். சின்ன லீக், கிணற்றுத் தண்ணீர், நெல் அறுக்கும்வரை ஓடியது. அறுப்பு முடிந்ததும் ஹெட்டைக் கழற்றி ஒழுங்காக வேலை செய்துகொண்டார். புத்திசாலி. ஆனால் ஊரில் பரவியது பாதிக் கதைதான். பொன்னேரி சந்தைக்கு மீன் கொண்டுபோனவர்கள் அதைக் கேட்டுவிட்டு வந்து, நாட்டுக்காரனுக்கு, அதாவது விவசாயிக்கு, நின்றது நமக்கு நிற்காதா என்று ஆளுக்கொரு பாட்டில் வாங்கி வந்தார்கள்.

நிற்காது. ஏன் என்று சொல்கிறேன். அந்தப் பாட்டிலில் இருப்பது ஒரு மாதிரிக் கண்ணாடிப் பசை, அதில் கொஞ்சம் செம்புத் தூளும் நாரும். நல்ல தண்ணீரில் கரைந்து ஓடும், சூடான பிளவு கிடைத்தால் அங்கே போய் இறுகும். உப்புத் தண்ணீரில் பட்டதோ, பட்ட இடத்திலேயே கட்டி தட்டிவிடும். எங்கள் குப்பங்களில் அப்போது நல்ல தண்ணீர் லாரியில் வரும். பெண்கள் குடத்தோடு சண்டை போட்டுப் பிடித்து வைத்திருப்பார்கள். அதை எஞ்சினுக்கு ஊற்றுகிறேன் என்று எந்த ஆம்பளையாவது கேட்க முடியுமா? ஏரித் தண்ணீரை மொண்டு ரேடியேட்டரில் ஊற்றுவார்கள். எல்லோரும்தான். அதன்மேலே பாட்டில். நான் ரேடியேட்டர் கழற்றினால் உள்ளே தயிர் உறைந்த மாதிரி இருக்கும். கம்பி விட்டுக் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன் என்று கணக்கே கிடையாது. என்னைக் கண்டால் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார்கள்.

இப்போது தேசிங்கு கதைக்கு வருகிறேன்.

தேசிங்கு ஏரி ஓரக் குப்பத்துக்காரன். நாலு பேர் போகிற படகு. பழைய ஜெனரேட்டரிலிருந்து எடுத்த இரண்டு சிலிண்டர் எஞ்சின். எங்கள் ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று ஊர் முறை வைத்திருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். இறால் நன்றாகப் படுகிற இடம், ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்துக்குக் கிட்டே. அந்த இடம், அதுவும் அமாவாசைத் தண்ணீர் இழுக்கிற நாளில், ஒருத்தனுக்கு விழுவது அபூர்வம். அன்றைக்கு அவன் தன் படகில் தன் வலையோடு அங்கே நிற்க வேண்டும். வரவில்லையென்றால் முறை போய்விட்டது. வீட்டில் சாவு, கல்யாணம் என்றால் மட்டும் வேறு ஆளோடு நாள் மாற்றிக்கொள்ளலாம். வேறு எதற்கும் கிடையாது.

தேசிங்குக்கு அந்தப் பாடு விழுந்திருந்தது. மூன்று நாள் முன்னால் எஞ்சினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். நான் மூடியைத் திறந்து ஓட்டிப் பார்த்தேன். கொப்புளம். கேஸ்கட் போய்விட்டது, நாலு நாள் ஆகும் என்றேன்.

"மேஸ்திரி, மூணாம் நாள் எனுக்குப் பாடு."

"அதுக்கு நான் இன்னா பண்றது? எஞ்சினுக்குப் பாடு தெரியுமா?"

அவன் தயங்கித் தயங்கி, பாட்டில் ஊற்றினால் ஒரு நாளைக்குத் தாங்குமா என்று கேட்டான். அவ்வளவுதான், எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ. அதற்கு முந்தின நாள்தான் ஒரு ரேடியேட்டரைக் குத்திக் குத்திக் கை புண்ணாகியிருந்தது. ஒர்க்‌ஷாப்பே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். காசிம் பாய் எழுந்து வந்து, "தேசிங்கு, உன் பாடு என்னிக்குன்னு சொன்னே?" என்று ஆரம்பித்தார். நான் அவரைப் பேசவிடவில்லை. பாட்டில்காரனுக்கு இங்கே இடமில்லை, எஞ்சினை எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டேன். தேசிங்கு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

நேரே பொன்னேரிக்குப் போய்ப் பாட்டில் வாங்கியிருக்கிறான். ஏரித் தண்ணீரின் மேலேயே ஊற்றியிருக்கிறான்.

மூன்றாம் நாள் மத்தியானத்துக்கு மேல் கிளம்பினார்கள். தேசிங்கு, அவன் தம்பி, மச்சான், மருமகன். எதிர்க்காற்று. அதுவரை ஒழுங்காக ஓடிய எஞ்சின், பாடு இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் சூடேறிப் புகைந்திருக்கிறது. மருமகன் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினான். கொதித்துப்போய் வழியில்லாமல் நின்றிருந்த தண்ணீர் அவன் முகத்திலும் மார்பிலும் அடித்தது. அடுத்த நிமிஷம் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. தண்ணீர் வடிகிற நேரம். ஏரி முழுக்க முகத்துவாரத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. அங்கே அலை உடைகிற இடத்தில் குறுக்காகப் போன படகு திரும்பி வந்ததில்லை. நங்கூரம் போட்டார்கள், மணலில் இழுத்துக்கொண்டே போனது. வலை, கழி எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் படகை இலேசாக்கினார்கள்.

அந்த இடத்தில் மணல் திட்டை ஒட்டி, கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் மார்பளவு தண்ணீரில் இருந்திருக்கிறார்கள். படகும் கிடையாது, வலையும் கிடையாது, பல்லில் கூடையைக் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் உட்கார்ந்து தடவுகிறவர்கள். முனியம்மா என்கிற பெண்தான் முதலில் பார்த்தவள். தேசிங்கு வீசிய கயிறு அவள் கைக்குக் கிடைத்தது. மற்றவர்களும் சேர்ந்து பிடித்து, காலை மணலில் ஊன்றி, படகைத் திட்டுக்கு இழுத்துவிட்டார்கள். நாலு பேரும் இறங்கியபோது முனியம்மா கேட்டாளாம், "இன்னா மாமா, இவ்ளோ பெரிய எஞ்சினு வெச்சிக்கினு எங்களாண்ட வந்து நிக்கிற?" பிறகு அந்த மருமகனின் முகத்தைப் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவனைத் தாங்கிக்கொண்டாளாம்.

மருமகன் பொன்னேரி ஆஸ்பத்திரியில் இருந்தான். கண் தப்பியது.

மறுநாள் எஞ்சின் எங்களிடம் வந்தது. நான்தான் கழற்றினேன். ரேடியேட்டர் குழாய்களில் பாதிக்கு மேல் அடைப்பு. சூடு பார்த்துத் தண்ணீருக்கு வழிவிடுகிற தெர்மோஸ்டாட் வெள்ளைக் கட்டிக்குள் சிக்கியிருந்தது. பிஸ்டன் ஒன்று சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் சொன்னேனா இல்லையா என்று காசிம் பாயிடம் கத்தினேன். அவர் அந்த வெள்ளைக் கட்டியை விரலில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு குடம் நல்ல தண்ணி குடுத்து அனுப்பியிருக்கலாம்பா," என்றார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அன்றைக்கு அவர் சொல்ல வந்தது அதைத்தான். லீக் ஒன்றும் அவ்வளவு பெரியது இல்லை. மருந்து எதுவும் ஊற்றாமல், பழைய தண்ணீரை இறக்கிவிட்டு, மூடியைத் தளர்த்தி வைத்து, நல்ல தண்ணீர் குடங்களோடு மெதுவாக ஓட்டி, அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் பார்த்து ஊற்றிக்கொண்டே போயிருந்தால் போய்த் திரும்பியிருக்கலாம். மறுநாள் ஹெட்டைக் கழற்றியிருக்கலாம். எனக்கும் தெரிந்த வழிதான் அது. காசிமேட்டில் நானே பண்ணியிருக்கிறேன். திட்டுகிற அவசரத்தில் அது ஞாபகத்துக்கே வரவில்லை.

என்மேல் எனக்கு வந்த கோபத்தையும் நான் தேசிங்கு மேல்தான் போட்டேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் நடந்தது. அந்த வாரம் அவன் விஷயம் குப்பத்துப் பஞ்சாயத்துக்கு வந்தது. வலை கட்ட முடியாமல் போன பாடு நாளுக்குப் பதிலாக வேறு நாள் கேட்டிருந்தான். பாட்டில் விவகாரத்தை ஊருக்கே ஒரு தடவை காட்டிவிட வேண்டும் என்று நானும் போனேன். இரண்டு கண்ணாடி டம்ளர் கொண்டுபோனேன். ஒன்றில் குடிதண்ணீர், இன்னொன்றில் ஏரித் தண்ணீர். எல்லோரும் பார்க்க இரண்டிலும் மருந்தை ஊற்றினேன். முதல் டம்ளரில் கலங்கி அப்படியே நின்றது. இரண்டாவதில் ஊற்றும்போதே வெள்ளையாகத் திரண்டு, கட்டியாக அடியில் உட்கார்ந்தது. கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. இதைத்தான் நீங்கள் எஞ்சினுக்குள் ஊற்றுகிறீர்கள், இதற்குப் பெயர் அறிவா என்று கேட்டேன்.

தேசிங்கு தரையில் உட்கார்ந்திருந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

"மேஸ்திரி, அது கெட்டதுன்னு எனுக்கும் தெரியும். நீ நாலு நாள் கேட்டே. எனுக்கு நாலு நாள் யார் குடுக்கறது?"

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதுவரை படகுக்காரனுக்கு அறிவில்லை என்று நினைத்துத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அவனுக்கு இல்லாமல் போனது நாள். அதைக் கொடுக்க வேண்டியவர்கள் எனக்கு எதிரிலேயே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

குப்பத்துத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முறை முறைதான், சாவுக்கும் கல்யாணத்துக்கும் தவிர மாற்ற முடியாது, எஞ்சின் கெட்டதற்கெல்லாம் நாள் மாற்றினால் ஆளாளுக்கு எஞ்சினைக் கெடுப்பான் என்றார். எனக்குத் திட்டத் தெரியும், அது ஒன்றுதான் எனக்கு நன்றாகத் தெரியும். ஆள் மட்டும் மாறியது.

"தலைவரே, இவனுங்க நாலு பேரும் முகத்துவாரத்துல செத்திருந்தா நாள் மாத்திக் குடுத்திருப்பீங்க. உசுரோட வந்துட்டானுங்க. அதான் இவனுங்க பண்ண தப்பா?"

மருமகனின் அம்மா கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் அழ ஆரம்பித்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

மூன்று கூட்டம் போட்டார்கள். கடைசியில் முடிவானது இதுதான். ஹெட் கழற்றிய எஞ்சினுக்கு வருஷத்தில் ஒருமுறை நாள் மாற்றிக்கொள்ளலாம். நிஜமாகவே கழற்றியிருக்கிறதா என்று மெக்கானிக் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். மாறுகிற பாடு நாளை அடுத்த முறைக்காரன் எடுத்துக்கொள்வான். ஆனால் இது இனிமேல் வருகிறவர்களுக்குத்தான். தேசிங்கின் போன நாள் போனதுதான். அதற்காக நான் போட்ட சண்டையில் தலைவர் வீட்டு வாசலை மிதிக்காதே என்று எனக்கே சொல்லிவிட்டார்கள்.

தேசிங்கின் எஞ்சின் பிளாக் வேலையோடு சேர்த்து மூன்று வாரம் இழுத்தது. அந்த மூன்று வாரமும் அவன் முனியம்மா கூட்டத்தோடு போய்க் கையால் இறால் தடவினான். படகுக்காரன் கூடையைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. முனியம்மா அவனை விடவில்லையாம். உனக்கு விரலே இல்லையா மாமா, ஸ்பானர்தான் இருக்குதா என்று கேட்டுக்கொண்டே இருப்பாளாம்.

புது முறை வந்ததும் எனக்குத் தொல்லை ஆரம்பித்தது. ஒருத்தன் ஹெட்டுக்கு மேலே இருக்கிற மூடியை, வால்வு கவரை, மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, மாற்று நாள் வேண்டும், வந்து பார் என்றான். இன்னொருத்தன் காயலான் கடையில் ஓட்டை ஹெட் ஒன்று வாங்கிப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தான். அது வேறு எஞ்சினுடையது. வேகாத வெயிலில் குப்பம் குப்பமாக நடந்து, ஒவ்வொருத்தன் ஹெட்டையும் பார்த்து, இவன் நிஜம், இவன் டபாய்க்கிறான் என்று சொல்வது என் வேலையாகிவிட்டது. ஆனால் பாட்டில் குறைந்தது. நான் இருபது வருஷம் கத்தி நிறுத்த முடியாததை அந்த ஒரு முறை நிறுத்தியது. அதற்குப் பிறகு யாராவது வந்தால் நானும் எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் எப்போது வேண்டும் என்று கேட்டேன். மலர் படிக்கிற மெக்கானிக்குகளே, உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். அவனுக்கு நாள் இல்லையென்றால் குடத்தில் நல்ல தண்ணீர் கொடுத்து, எப்படி ஓட்டுவது என்று சொல்லி அனுப்புங்கள். திரும்பி வந்ததும் ஹெட்டை இறக்குங்கள். திட்டுவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. புது முறைப்படி முதலில் ஒழுங்காக நாள் மாற்றிக்கொண்டவர் யார் தெரியுமா? தலைவர்தான். அமாவாசைப் பாடு அவருக்கு விழுந்திருந்த நேரத்தில் அவர் எஞ்சின் புகைந்தது. ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். மிதிக்காதே என்ற வாசலை மிதித்துக்கொண்டு போனேன். ரேடியேட்டரைக் கழற்றினால் உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கட்டி. ஒரு பாட்டில் இல்லை, குறைந்தது இரண்டு. நான் டம்ளரில் ஊற்றிக் காட்டியபோது முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர் அவர்.

"வெளிய சொல்லாத," என்றார்.

ஹெட்டைக் கழற்றிவிட்டேன், பஞ்சாயத்தில் போய் நிஜம் என்று சொன்னேன், கட்டியைப் பற்றிச் சொல்லவில்லை. அவருக்கு அடுத்த முறைக்காரன் தேசிங்கு. புது கேஸ்கட் போட்ட எஞ்சினோடு, முகத்தில் தழும்போடு வந்த மருமகனையும் ஏற்றிக்கொண்டு, தலைவரின் அமாவாசைப் பாடு இடத்தில் அவன் போய் வலை கட்டினான். மறுநாள் காலை கரையில் கொட்டிய இறாலைப் பார்க்கத் தலைவரும் வந்திருந்தார். எஞ்சின் எப்போது தயாராகும் என்று என்னிடம் கேட்டார். நாலு நாள் வேலைதான் அது. எட்டு நாள் ஆகும் என்றேன்.